பூவின் மேல் போட்ட பழி

மண்ணெண்ணெய் அடுப்பு கவிழ்ந்து, சமையலறைத் தரை முழுவதும் எண்ணெய் பரவியிருந்தது. பூனை தள்ளிவிட்டிருக்க வேண்டும். நான் அடுத்த அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்த என் கணவர் ஏழுமலை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னா இது? தெருக்கோடி வரைக்கும் கெரசின் வாடை அடிக்குது. நீ பாட்டுக்குக் குந்திகினு பேப்பர் திருத்தினு கீற?”

“சளி புடிச்சிருக்குதுங்க,” என்றேன். அப்போது அதைச் சளி என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வாடை எனக்குத் தெரியாததுதான் என் நோயின் பெரிய அடையாளம். அதற்கு முன்பே வேறு சில இருந்தன. மூக்கைச் சிந்தினால் பச்சை நிறத்தில் பொருக்கு (காய்ந்துபோன சளி ஓடு) வரும். சில நாள் அதனோடு ரத்தமும் வரும். நெற்றியில் ஓயாத பாரம். குழம்புக்கும் கஞ்சிக்கும் வித்தியாசம் தெரியாத நாக்கு. சாக்பீஸ் தூசி என்று காரணம் சொல்லிக்கொண்டேன். இதைப் படிக்கும் உங்களுக்கு இவையெல்லாம் இருந்தால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் போங்கள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வெட்கப்படாமல் போன ஒருவரையும் அந்த மருத்துவமனை வராந்தாவில் நான் பார்க்கவில்லை. அதனால் வெட்கப்பட்டுக்கொண்டாவது போங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பென்னலூரில் குடியிருந்தோம். பக்கத்து ஊரின் ஈராசிரியர் பள்ளியில் நான் டீச்சர். ஏழுமலைக்கு அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. பூந்தமல்லியில் பஸ் மாறிப் போய்வருவார். இயந்திரங்களை அடைத்து அனுப்பும் பெட்டிகளுக்காக அங்கே மலைக்காட்டு மரங்கள் லாரியில் வந்து இறங்கும். ஒருநாள் அப்படி வந்த மரத்தின் பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த செடியைப் பட்டையோடு பெயர்த்து, சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

“நீதான் எல, தழன்னு புள்ளைங்களுக்குக் காட்டுவியே. இத்தப் பாரு,” என்றார்.

பார்த்தவர்கள் எல்லாரும் புல்லுருவி என்றார்கள். வீட்டில் வைக்காதே என்றார்கள். புல்லுருவி இல்லை. புல்லுருவி மரத்தின் சாற்றைக் குடித்து வாழ்வது. இது மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்குமே தவிர, மரத்திடம் எதையும் எடுத்துக்கொள்ளாது. ஆர்க்கிட் என்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படம் காட்டியிருந்தார்கள். ஆனால் அந்தப் படத்தில் இருந்த பூ உள்ளங்கை அகலம். இங்கே முழுச் செடியே என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

பச்சைப்பயறு அளவில் குமிழ்கள், ஒரு கொடியில் வரிசையாக. ஒவ்வொரு குமிழின் தலையிலும் ஒரே ஒரு இலை. சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிய இலை கிடையாது. அதைத் தேங்காய் மட்டையோடு சேர்த்துக் கட்டி, கொல்லையில் பாத்திரம் துலக்கும் இடத்துக்கு மேலே கொட்டகை மூங்கிலில் தொங்கவிட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஊற்றியதும் இலை நுனி கருகியதைப் பார்த்து, மழைத் தண்ணீரைப் பானையில் பிடித்து வைத்து, துணியில் நனைத்துச் சொட்டவிட்டேன். சித்திரை வெயிலில் சுற்றிலும் ஈரச் சாக்குக் கட்டினேன். மலையில் பிறந்த செடியை ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் பிழைக்க வைத்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அடுத்த ஐப்பசி மழையில் நூல் போன்ற ஒரு காம்பு வந்தது. அதன் நுனியில் குடைக் கம்பிகள் மாதிரி நாலைந்து பூக்கள். ஒவ்வொன்றும் அரிசி நீளம். மங்கிய மஞ்சளில் கருஞ்சிவப்புக் கோடுகள். நடுவில் கருஞ்சிவப்பு நாக்கு ஒன்று. பள்ளியிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தேன். காற்றே இல்லாதபோதும் அந்த நாக்கு ஆடியது. நான் மூச்சு விடும்போதெல்லாம் ஆடியது. முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோய், அது ஆடுவதற்காகவே மூச்சு விட்டேன். அதை இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

காம்போடு செடியை வீட்டுக்குள் கொண்டுவந்து ஜன்னலில் மாட்டினேன். அன்று படுத்தபோது ஏழுமலை துண்டால் மூக்கை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார்.

“இன்னாங்க?”

“ஒண்ணுமில்ல. ஏதோ வாடை.”

“என்ன வாடை? எனக்குத் தெரியலையே.”

திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலைக் காட்டி, “அந்தப் பூதான். செத்த எலி மாதிரி நாறுது,” என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சில பூக்கள் ஈயை வரவழைப்பதற்காக அழுகல் நாற்றம் வீசும், ஈதான் அவற்றுக்குத் தேனீ என்று படித்திருந்தேன். அப்படிப்பட்ட பூ ஒன்று என் வீட்டு ஜன்னலில் பூத்திருக்கிறது! மறுநாள் காலை முதல் வேலையாக அதைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன்.

பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்துப் பாடம் நடத்தினேன். நான் பூவை நீட்டியதும் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். “பாத்தீங்களா? பூன்னா மணக்கணும்னு சட்டம் கெடையாது. நாறுறதும் ஒரு வேலைதான்,” என்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன ஈ வந்து பூவைச் சுற்றியது. என் முகத்தையும் சுற்றியது. “அதோ வந்துட்டாரு விருந்தாளி,” என்று கை தட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

பூ நாலைந்து நாளில் வாடி உதிர்ந்தது. செடியைக் கொல்லைக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டேன். ஆனால் பிள்ளைகளின் கை மூக்கை விட்டு இறங்கவில்லை. நான் சிலேட்டைப் பார்க்கக் குனிந்தால் பாவாடை நுனி மூக்குக்குப் போகும். கேலி செய்து பழகிவிட்டார்கள் என்று எரிச்சலாக இருந்தது. அதே சமயத்தில்தான் ஏழுமலைக்குக் கம்பெனியில் ஓ.டி. அதிகமானது. வாரத்தில் பெரும்பாலான நாள் நான் தூங்கிய பிறகே வருவார். குடும்பத்துக்காக இப்படி உழைக்கிறாரே என்று பூரித்துப்போய், சாயங்காலத்துக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் கொடுத்தேன்.

பொங்கல் கழிந்த ஒருநாள், முன்வரிசையில் உட்காரும் தனலட்சுமி நான் பக்கத்தில் போனதும் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்தினாள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுப்பி நிற்க வைத்தேன்.

“பூ வாடி எத்தினி நாளாச்சு? இன்னும் இன்னா நடிப்பு?”

அவள் அழுதுகொண்டே சொன்னாள். “நான் பூவுக்குப் பொத்தல டீச்சர். பூதான் இல்லியே.”

“அப்போ எது நாறுது?”

நான் வகுப்பைப் பார்த்து, “யாராவது சொல்லுங்க, எது நாறுது?” என்று கேட்டேன். ஒரு பிள்ளைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் சிலேட்டையே பார்த்தார்கள். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கூடத்தின் மறுகோடியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ராஜம்மா டீச்சர் எழுந்து வந்தார். என்னைவிட வயதில் மூத்தவர். என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார்.

“வூட்டுக்குப் போ கௌசல்யா. நல்ல டாக்டரா பாத்துக் காட்டு. எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம ஒரு வருசமா முழுங்கினு கீறேன்,” என்றார்.

ஒரு வருஷமாக. அந்த ஒரு வருஷத்தில் நான் கலந்துகொண்ட கல்யாணங்களையும், பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பிறகு எழுந்துபோன பெண்களையும் வீட்டுக்கு நடக்கும்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளங்கையைக் குவித்து அதில் மூச்சை விட்டு முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. மறுபடியும் முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. என் உடம்பு என்னிடம் மட்டும் மறைத்துவிட்டு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறது.

ஏழுமலை வந்ததும் நேராகக் கேட்டேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “நாளைக்கு லீவு போடறேன். மெட்ராஸ் போலாம்,” என்றார்.

சென்னையின் பெரிய மருத்துவமனை ஒன்றில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு. டாக்டரம்மா நெற்றியில் வட்டக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கிடுக்கி போன்ற கருவியால் மூக்கை விரித்துப் பார்த்தார். சுற்றி நின்ற மாணவர்கள் ஓரடி பின்னால் போனார்கள். டாக்டரம்மா போகவில்லை. அதற்காகவே அவர் காலில் விழலாம் போலிருந்தது.

“அட்ரோஃபிக் ரைனைடிஸ்,” என்றார். (மூக்கின் உள்தோல் மெலிந்து சுருங்கிப்போவது. உள்ளே இடம் பெரிதாகி, சளி வெளியே வராமல் காய்ந்து அழுகும். நம் பக்கத்தில் பீனசம் என்ற பொதுப்பெயரில் இதையும் சேர்த்துவிடுவார்கள்.) வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, ஏன் என்று சரியாகத் தெரியவில்லை, ஒட்டுவாரொட்டி இல்லை என்றார். பிறகு ஏழுமலையைப் பார்த்து, “வாடை எவ்வளவு நாளா இருக்கு?” என்று கேட்டார்.

“ரெண்டு வருசமாவே இருக்குதும்மா,” என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு.

“எனக்கு மட்டும் ஏன் டாக்டர் தெரியல?”

“வாசனை நரம்பும் சேர்ந்து செத்துப்போயிடும். அது உங்களுக்கு ஒரு கருணைன்னுதான் நாங்க படிக்கிறோம். தெரிஞ்சா தாங்க முடியாது இல்லையா?”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கருணை எனக்குத் தெரியாமல் வைத்துவிட்டு, முன்வரிசைப் பிள்ளைகளைச் சகிக்க வைத்திருக்கிறது.

“முகத்துல ஈ மொய்க்குதா?” என்று அடுத்துக் கேட்டார். “தூங்கும்போது மெல்லிசா துணி போட்டுக்குங்க. இந்த மூக்குல ஈ முட்டை வச்சிடும்.”

நான் கை தட்டி வரவேற்ற விருந்தாளி யாரைத் தேடி வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

திரும்பும்போது செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஓரமாக பஸ் வந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, முந்தானையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “என்னால ஒங்க ஓ.டி.யும் கெட்டுப்போச்சு,” என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

“ஓ.டி. எல்லாம் எப்பவோ நின்னுபோச்சு,” என்றார்.

“அப்போ இவ்ளோ நாளா?”

“பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுலதான். பெஞ்சியில குந்திகினு இருப்பேன். கடைசி வண்டிக்கு வருவேன்.”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கட்டிக் கொடுத்த சோற்றை அந்த பெஞ்சில் வைத்துத் தனியாகச் சாப்பிட்டிருக்கிறார் என்று நினைத்துக் குறுகிப்போனேன்.

சிகிச்சை எளிதானது, செய்வதுதான் கஷ்டம். வெதுவெதுப்பான தண்ணீரில் சோடா உப்புப் பொடியைக் கரைத்து, ரப்பர் பந்து வைத்த குழாயால் ஒரு துவாரத்தில் பீய்ச்ச வேண்டும். அது மறு துவாரம் வழியாகப் பொருக்கோடு கொட்டும். காலையும் மாலையும். கழுவிய பிறகு கிளிசரினில் குளுக்கோஸ் கலந்த சொட்டு மருந்து. கொல்லையில், செடி தொங்கும் இடத்துக்குக் கீழேதான் உட்கார்ந்து கழுவுவேன். விழுந்ததை மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அவர் பார்த்துவிடக் கூடாது என்பதே அன்றைய என் கவலை.

இரண்டு மாதம் கழுவியும் போதவில்லை. மூக்குத் துவாரங்களைத் தைத்து மூடிவிடலாம் என்றார் டாக்டரம்மா. காற்றே படாமல் பல மாதம் ஓய்வு கொடுத்தால் உள்தோல் தானாகத் தேறும் என்றார். சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். முதலில் ஒரு பக்கம், அது ஆறியதும் மறுபக்கம். என் கல்யாணத்தின்போது “பொண்ணு மூக்கும் முழியுமா கீது” என்று மாமியார் வீட்டார் சொன்னது நினைவுக்கு வந்து, மயக்க மருந்துக்கு முன்னால் எனக்குச் சிரிப்பு வந்தது.

மூக்கு அடைபட்ட மாதங்களைப் பற்றி, இதே அறுவை சிகிச்சைக்குப் போகப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வாயால் மூச்சு விடுவதால் நாக்கு எப்போதும் காய்ந்திருக்கும். சோற்றை மென்றுகொண்டே மூச்சு விட முடியாது. ஒரு வாய் சோறு, பிறகு மூச்சு, பிறகு அடுத்த வாய். பேச்சு பாதி போய்விடும். “அம்மா” என்று வாயெடுத்தால் “அப்பா” என்றுதான் வரும். பயப்படாதீர்கள். அது திரும்பிவிடும்.

அந்த நாட்களில் எனக்கு நாட்காட்டி ஓடவில்லை. செடியின் கொடி நுனியில் ஒரு புதுக் குமிழ் ஊசிமுனையாகத் தொடங்கியிருந்தது. தினமும் அதைப் பார்ப்பேன். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் டாக்டரம்மா தையலைப் பிரித்த சமயத்தில் அது முழுப் பயறாகி, தலையில் ஒரு இலையும் விரித்திருந்தது.

மூக்கு திறந்ததும் உள்ளே போன முதல் காற்று எரிந்தது. “தோல் நல்லா சிவந்து வந்திருக்கு,” என்று டாக்டரம்மா மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்தத் தடவை அவர்கள் கிட்டே வந்தார்கள். ஆனால் வாசனை திரும்பாது, கழுவுவதை ஆயுளுக்கும் விடக் கூடாது என்றார்.

“வாடை திரும்பி வந்தா எனக்கு எப்படித் தெரியும்?”

“வீட்டுல ஒருத்தரைக் கேளுங்க. தினமும் கேளுங்க. வேற வழி கிடையாது.”

அப்படித்தான் எங்கள் காலைகள் மாறின. பள்ளிக்குக் கிளம்பும் முன் ஏழுமலையின் முன்னால் போய் நிற்பேன். அவர் முகத்தை என் முகத்தருகே கொண்டுவந்து, உடனே, “இல்ல, போ,” என்பார். தினமும் அதே வேகம், அதே வார்த்தை. அந்த வார்த்தையை நம்பித்தான் வகுப்புக்குள் போனேன். பிள்ளைகளின் கைகள் சிலேட்டின்மேல்தான் இருந்தன.

அந்த ஐப்பசியில் செடி மறுபடியும் பூத்தது. பிள்ளைகளுக்கு நான் ஒரு கடன்பட்டிருப்பதாகத் தோன்றியது. இப்போது பூவின் நாற்றத்தை மட்டும் அவர்களால் முகர முடியுமே, பாடத்தை ஒழுங்காக நடத்தலாமே என்று பள்ளிக்குக் கொண்டுபோனேன். தனலட்சுமிதான் முதலில் வந்து முகர்ந்தாள்.

“ஒரு வாசனையும் இல்ல டீச்சர்.”

மற்றவர்களும் முகர்ந்தார்கள். ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. “போன தபா நாறிச்சே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. தனலட்சுமி திரும்பி அவனை முறைத்தாள். “இப்ப பூவுக்கு நல்லாயிடுச்சு,” என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அந்த வயதுப் பிள்ளை என்னைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் எதையோ எழுதினேன்.

சாயங்காலம் செடியை ஏழுமலை முன்னால் வைத்தேன். “மோந்து பாருங்க,” என்றேன். அவர் மோந்து பார்க்கவில்லை.

“அதுக்கு எப்பவுமே வாடை கெடையாது,” என்றார். “அன்னிக்கு நீ என்ன வாடைன்னு கேட்ட. ஒன் மூஞ்சியப் பாத்தேன். சொல்ல வாய் வர்ல. எதிர்ல பூ இருந்துச்சு.”

“அப்போ தெனமும் காலையில சொல்ற ‘இல்ல’?”

“அது நெசம்.”

“எப்படி நம்புறது?”

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தச் சிக்கலே வந்திருக்காது. என்மேல் இரக்கப்படுகிறவரின் மூக்கை நம்பித்தான் நான் உயிர்வாழ வேண்டும். அந்த இரக்கமே என்னை ஊர் சிரிக்க வைத்துவிட்டது.

மறுநாளிலிருந்து அவரிடம் கேட்பதை விட்டேன். சந்தேகம் வரும்போதெல்லாம் கழுவினேன். உள்தோல் புண்ணாகி ரத்தம் வந்தது. டாக்டரம்மா திட்டினார். வகுப்பில் வாசற்படி ஓரமாக நின்றே பாடம் நடத்தினேன். சிலேட்டுகளைக் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லி, பிறகு எடுத்துத் திருத்தினேன். நோய் குணமாகிவிட்டது என்று மருத்துவமனை அட்டையில் எழுதியிருந்தது. நான்தான் குணமாகவில்லை.

மாசி மாதத்தில் என் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தோம். கூட்டமான வீடு. கழுவ மறைவிடம் கிடைக்காமல் இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டேன். திரும்பி வந்த மறுநாள் காலை, வழக்கம்போல அவரைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

“இரு,” என்றார் ஏழுமலை.

கிட்டே வந்து, முகத்தை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, வெகுநேரம் மூச்சை இழுத்துப் பார்த்தார். முதல்தடவையாக அவசரப்படவில்லை.

“இன்னிக்கு வாடை கீது,” என்றார்.

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. தரை பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. அவர் முகத்தைத் திருப்பவில்லை.

“லேசாதான். கழுவிட்டுப் போ. நான் தண்ணி சுட வெக்கிறேன்.”

கொல்லையில் உட்கார்ந்தேன். அவர் சொம்போடு பக்கத்தில் வந்து நின்றார். “நீங்க போங்க, பாக்காதீங்க,” என்றேன். போகவில்லை. தண்ணீர் ஆற ஆற வெந்நீரைக் கலந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். பொருக்கு விழுந்ததைப் பார்த்தார். காலால் மண்ணைத் தள்ளி அவரே மூடினார். நான் அழுதேன், வெட்கத்தில்தான். கழுவி முடித்ததும் மறுபடியும் குனிந்து பார்த்து, “இப்ப இல்ல,” என்றார்.

அந்த “இல்ல”வை நம்பினேன்.

இது நடந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. செடி இருக்கிறது, கொடி மட்டையைச் சுற்றி வந்துவிட்டது. ஐப்பசியில் பூக்கிறது. வெட்கமும் இருக்கிறது, அது போகுமென்று உங்களுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்கு விடிந்ததும் காலை வந்துவிடுகிறது. எனக்கு அவர் குனிந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் வருகிறது. முதல் ஷிப்ட் உள்ள நாட்களில், கிளம்பும் முன் என்னை எழுப்பிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார். வருஷத்தில் சில நாள் “கீது” என்கிறார். அன்று கழுவிவிட்டுத் தாமதமாகப் பள்ளிக்குப் போகிறேன்.

மற்ற நாட்களில் முன்வரிசையில் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, கையைப் பிடித்து எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன்.